பழைய வீடும் பயனற்ற ஹிம்சையும்

இல்லறத்தார்க்கு வீடு இன்றியமையாதது. அதனைக் கட்டுதலும் பழுது பார்த்தலும் ஹிம்சையின்றி நிகழ்வதில்லை. மண்ணைத் தோண்டினால் மண்ணுடல் கொண்ட உயிர்களும், நீரை இறைத்தால் நீருடல் கொண்ட உயிர்களும், மரத்தை வெட்டினால் மரத்தோடு அதனைச் சார்ந்து வாழும் பல உயிர்களும் துன்புறுகின்றன. இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே ஏற்று வாழ வேண்டியவன் சாவகன். முனிவர்க்கு இச்சிக்கல் இல்லை; அவர் வீட்டையே துறந்தவர். துறக்கவும் இயலாமல், துறவோர் காட்டிய நெறியைக் கைவிடவும் மனமில்லாமல் இடையில் நிற்கும் நமக்கே இது வினாவாகிறது. பழுதுபட்ட பழைய வீட்டை உடையவர் அதனை என்ன செய்வது அறம்?

இவ்வினா இன்று நம் சமூகத்தில் பல குடும்பங்களில் எழுகிறது. வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் ஆகிய வட்டாரங்களில் நம்மவர் வாழும் சிற்றூர்களில் பாட்டன், முப்பாட்டன் கட்டிய ஓட்டு வீடுகள் இன்னும் நிற்கின்றன. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் பணிபுரிகின்றனர். சில வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சிலவற்றில் முதியோர் இருவர் மட்டும் இருக்கின்றனர். விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் ஒழுகும் கூரையைப் பார்த்து, "இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிவிடலாம்" என்கின்றனர். பெற்றோரின் நலம் கருதியே அவ்வாறு சொல்கின்றனர். அதற்குப் பெற்றோர் என்ன விடை கூறுவது?

எளிய விடைகள் இரண்டு உள்ளன. "இல்லறத்தார்க்கு ஆரம்ப ஹிம்சை விலக்கப்படவில்லை, ஆகவே எவ்வளவு பெரிதாகவும் கட்டலாம்" என்பது ஒன்று. "கட்டுதல் பாவம், ஒழுகினால் ஒழுகட்டும், விழுந்தால் விழட்டும்" என்பது மற்றொன்று. முன்னது நமக்கு அளிக்கப்பட்ட சலுகையை உரிமையாக்கிக் கொள்கிறது. பின்னது சோம்பலுக்கு அறத்தின் பெயரைச் சூட்டுகிறது. இவ்விரண்டும் நமக்கு உதவா.

நால்வகை ஹிம்சை

நம் ஆசாரியர்கள் ஹிம்சையை நான்காகப் பகுத்துக் காட்டினர். கொல்ல வேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்வது சங்கல்ப ஹிம்சை. சமைத்தல், பெருக்குதல், வீடு கட்டுதல் முதலிய இல்லத் தொழில்களில் தவிர்க்க இயலாது நேர்வது ஆரம்ப ஹிம்சை. உழவு, வாணிகம் முதலான பிழைப்புத் தொழில்களில் நேர்வது உத்தியோக ஹிம்சை. தாக்க வருவோரைத் தடுத்துத் தம்மவரைக் காக்கையில் நேர்வது விரோத ஹிம்சை. இவற்றுள் முதலாவதை இல்லறத்தார் முற்றும் விடுதல் வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்ற அளவு குறைத்தல் வேண்டும். முற்றும் விடுமாறு விதிக்கப்படவில்லை என்பதைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். குறைக்க வேண்டும் என்ற பகுதியே மறந்து போகிறது.

எந்த அளவுக்குக் குறைப்பது? இதற்குரிய அளவுகோல் அனர்த்ததண்ட விரதத்தில் இருக்கிறது. அனர்த்தம் என்றால் பயனற்றது. தண்டம் என்றால் உயிர்க்குச் செய்யும் துன்பம். சமந்தபத்திர ஆசாரியர் ரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதனை ஐந்தாகப் பிரித்து விளக்குகிறார். தமிழில் அருங்கலச்செப்பு அந்நூலின் வழி நிற்பது. அவ்வைந்தனுள் இரண்டு வீட்டு வேலைக்கு நேராகப் பொருந்துவன. தேவையின்றி நிலத்தைக் கிளறுதல், நீரைச் சிந்துதல், தீ மூட்டுதல், மரஞ்செடிகளை வெட்டுதல் ஆகியவை பிரமாதசரியை எனப்படும். உயிரைக் கொல்லும் கருவியையோ நஞ்சையோ பிறர் கையில் கொடுத்தல் ஹிம்சாதானம் எனப்படும். பழைய வீட்டைப் புதுப்பிக்க முற்படுவோர் கொத்தனாரை அழைக்கும் முன்னர் இவ்விரண்டையும் நினைவில் நிறுத்திக்கொண்டால் பாதி வழி தெளிவாகிவிடும்.

முன்னரே கொடுத்த விலை

பழைய வீட்டைப் பற்றி நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய முதன்மையான செய்தி ஒன்றுண்டு. அது முன்னரே நடந்து முடிந்த ஹிம்சையின் பயன். அதன் செங்கல்லுக்காக ஒரு காலத்தில் வயலின் மேல்மண் தோண்டப்பட்டது. சூளையில் விறகு எரிந்தது. கைமரங்களுக்காகப் பனைகள் வெட்டப்பட்டன. காரைக்காகச் சுண்ணாம்புக்கல் சுடப்பட்டது. அவ்வுயிர்கள் பட்ட துன்பத்தை நாம் திரும்பப் பெற முடியாது. ஆனால் அச்சுவர் மேலும் ஓர் ஆண்டு நின்றால், அந்த ஆண்டுக்காக வேறோர் உயிரின் துன்பத்தைக் கேளாமல் நமக்கு நிழல் தருகிறது. நல்ல நிலையிலுள்ள சுவரை இடிக்கும்போது, அன்று கொடுத்த உயிர்விலையை வீணாக்கிவிட்டு, அதே விலையை மீண்டும் கொடுக்கிறோம்.

இன்று கொடுக்கும் விலை அன்றையதினும் பெரிது. சுண்ணாம்பை ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டால் போதும். சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் ஏறத்தாழ 1450 பாகை வரை சூடேற்ற வேண்டும். உலகில் மனிதச் செயல்களால் வெளியாகும் கரியமில வாயுவில் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு சிமெண்டுத் தொழிலால் வருவது என அறிவியலார் கணக்கிட்டுள்ளனர். ஆற்று மணல் அருகிவிட்டதால் கல்லை உடைத்துப் பொடியாக்கிய எம்-சாண்ட் பயன்படுகிறது. காங்கிரீட்டுக்கு வேண்டிய ஜல்லியும் கல்லை உடைத்துப் பெறுவதே. கல் எங்கிருந்து வருகிறது? குன்றுகளிலிருந்து. எந்தக் குன்றுகளில் நம் அறவோர் கற்படுக்கைகளில் தங்கித் தவமிருந்தனரோ, அவை போன்ற குன்றுகளே கல்லுக்காக உடைபடுகின்றன. தீர்த்தங்கரர் திருவுருவமும் பழைய தமிழிக் கல்வெட்டும் உள்ள மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி, 2022-ஆம் ஆண்டில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. குன்றுகள் குடையப்படாமலிருக்க அவ்வூரார் பல்லாண்டுகள் போராட வேண்டியிருந்தது. மலையிலுள்ள ஜினரை வணங்கிவிட்டு வந்து, தேவைக்கு மேல் ஒரு மாடி எழுப்ப வேறொரு மலையை உடைப்பது பொருந்துமா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எனினும் பழமையானது என்ற ஒன்றாலேயே ஒரு வீடு காக்கத்தக்கதாகிவிடாது. பிதுங்கி நிற்கும் சுவரைச் செலவுக்கு அஞ்சி விட்டுவைத்தால், அது ஒரு நாள் யார் தலை மீதேனும் விழும். எழுபது வயதினர் இரவில் கொல்லைப்புறக் கழிப்பறைக்கு இருளில் நடந்து சென்று விழுந்தால், அதுவும் ஹிம்சையே. உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சையை வரையறுக்கும்போது, உயிர் பிரிதலோடு பிரமாதத்தையும், அதாவது மனத்தின் விழிப்பின்மையையும், சேர்த்தே கூறுகிறார். செய்யாமல் விடுவதிலும் அந்த விழிப்பின்மை இருக்கக்கூடும்.

மூன்று தலைப்புகள்

ஆசிரியப் பணியில் இருந்தோர் பாடக்குறிப்பு எழுதாமல் வகுப்புக்குள் நுழைவதில்லை. 2023-ஆம் ஆண்டுக் கோடையில் எங்கள் இல்லத்தைப் பழுது பார்த்தபோதும் அம்முறையையே கைக்கொண்டோம். அது திண்ணை, கூடம், ஓர் அறை, சமையற்கட்டு கொண்ட சிறிய ஓட்டு வீடு; 650 சதுர அடிக்கு மிகாது. ஒரு நோட்டில் 'தேவை', 'வசதி', 'பெருமை' என மூன்று தலைப்புகள் இட்டு, குடும்பத்தார் விரும்பிய ஒவ்வொரு வேலையையும் ஏதேனும் ஒன்றன்கீழ் எழுதினோம்.

உளுத்த கைமரங்களை மாற்றுதல், ஓடு பிரித்து அடுக்குதல், வீட்டினுள் கழிப்பறை அமைத்தல், ஈரம் ஏறிய மேற்குச் சுவரைச் சீர்செய்தல் ஆகியவை தேவையின்கீழ் வந்தன. நல்ல நிலையிலிருந்த காவித் தரையின் மேல் கிரானைட் பதித்தலும், வாசலில் வெறும் தோற்றத்துக்காகத் தூண்கள் எழுப்புதலும் பெருமையின்கீழ் சென்றன; அவற்றை எழுதியபோதே பிள்ளைகள் சிரித்துவிட்டனர். வசதி என்னும் தலைப்புத்தான் எளிதாக இல்லை. நின்று சமைக்க மேடை வேண்டும் என்று மருமகள் கேட்டாள். நாங்கள் குனிந்தும் அமர்ந்தும் சமைத்தே பழகியவர்கள். அதனை வசதி என்றோம். "அத்தை, இடுப்புவலி வசதியா, தேவையா?" என்று அவள் கேட்டதும், மேடை தேவைக்கு மாறியது. ஒருவரது தேவையை மற்றொருவர் தனியே அமர்ந்து முடிவு செய்யலாகாது என்பது இதிலிருந்து தெளிவாகும். நம் எளிமையைப் பிறர் உடலின் மேல் சுமத்துவது எளிமை ஆகாது.

மேற்குச் சுவர் மற்றொன்றையும் கற்பித்தது. சுண்ணாம்புக் காரையால் கட்டிய அச்சுவரின் மேல் முன்னொரு காலத்தில் சிமெண்டுப் பூச்சு பூசப்பட்டிருந்தது. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே மெல்ல வெளியேறிவிடும். சிமெண்டு அதனை உள்ளேயே அடைத்துவிடுகிறது. அதனால் உப்புப் பூத்துச் செங்கல் பொரிந்து போகிறது. அப்பூச்சை அகற்றி, நீற்றிய சுண்ணாம்பால் மீண்டும் பூசியதும் அச்சுவர் உலர்ந்தது. பழுது என்று தோன்றிய சுவரில் பெரும் பழுது ஏதும் இருக்கவில்லை. இடிக்கலாம் என்று தீர்மானிக்கும் முன்னர் நோய் எது, நோயின் காரணம் எது என்று அறிந்துகொள்ளுதல் வேண்டும் என்பதற்கு இது சான்று.

நம்மோடு குடியிருப்போர்

பத்திரத்தில் நம் பெயர் மட்டுமே இருக்கிறது. வீட்டில் குடியிருப்போர் பலர். இறவாணத்தில் குருவி, சுவரில் பல்லி, மூலையில் சிலந்தி, தரைக்கடியில் எறும்பு, மரத்தினுள் கரையான். வேலையைத் தொடங்கும் காலத்தைத் தேர்வதிலேயே இவற்றின் நலம் அடங்கியுள்ளது. மழைக்காலத்தில் சிற்றுயிர்கள் பெருகும் என்பதனால் முனிவர்கள் நான்கு திங்கள் ஓரிடத்தில் தங்குகின்றனர். ஓடு பிரிக்கும் வேலையை மழைக்கு முன்பே கோடையில் முடிப்பது நம் ஊர்களின் வழக்கம். தொழிலுக்கும் அது நன்று, அறத்துக்கும் நன்று.

கோடையிலும் குருவி கூடு கட்டும். முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு பறந்து செல்ல ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். நூறாண்டு நின்ற வீடு ஒரு மாதம் பொறுக்கும். மேஸ்திரியிடம் கூறியபோது அவர் மறு பக்கத்துக் கூரையிலிருந்து வேலையைத் தொடங்கினார். கூடு இருந்த பக்கத்தைக் கடைசியில் பிரித்தார். இதற்குக் கூடுதல் செலவு ஏதும் ஆகவில்லை. சுண்ணாம்பு நீற்றும் குழியை இரவில் மூடிவைத்தால் பூச்சிகள் விழுவதில்லை. தொட்டியில் நீரைத் தேக்கி வைக்காமல் அன்றன்று பயன்படுத்திவிட்டால் கொசு முட்டையிடுவதில்லை. பின்னர் அதனைக் கொல்ல வேண்டிய நிலையும் வருவதில்லை. இவ்வகைச் செயல்களுக்குப் பெருந்துறவு வேண்டியதில்லை. பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் பார்த்துச் செய்க என்று முனிவர்க்கு விதித்த சமிதியை, சிறிய அளவில் இல்லறத்தாரும் கொத்தனார் வேலையில் கைக்கொள்ளலாம்.

கரையான் வினா மட்டும் இவ்வளவு எளிதாகத் தீரவில்லை. ஆசாரி, "டீச்சரம்மா, மருந்து அடிக்கலேன்னா மறுபடியும் வரும்" என்றார். அவர் சொன்னது அனுபவ உண்மை. நம் உறவினர் சிலரோ, "அது வீட்டைத் தாக்குகிறது, ஆகவே விரோத ஹிம்சைதானே?" என்றனர். நாங்கள் அதனை ஏற்கவில்லை. கரையானுக்கு நம் மீது பகை கிடையாது. மரத்தைத் தின்பது அதன் பிழைப்பு. தொல்காப்பிய மரபியல் சிதலை எறும்போடு சேர்த்து மூவறிவுயிராக வைக்கிறது. நிலத்தடியில் நஞ்சை ஊற்றினால் மரத்திலிருக்கும் கரையானோடு, கண்ணுக்குத் தெரியாமல் மண்ணில் வாழும் வேறு பல உயிர்களும் மாளும். அவை மாளும் என்று அறிந்தே ஊற்றுவதால் அது ஆரம்ப ஹிம்சையின் எல்லையைக் கடந்து சங்கல்பத்தை நெருங்குகிறது. நஞ்சை வாங்கி ஆசாரியின் கையில் கொடுத்துவிட்டால் பாவம் அவரைச் சேரும் என்று எண்ணுவோர்க்கு, ஹிம்சாதானத்தை நினைவூட்டுவதன்றி வேறு விடையில்லை.

ஆயினும் உளுத்த உத்தரத்தின் கீழ் குழந்தைகளைப் படுக்கவைக்க இயலாது. ஆகவே, பழுதுபட்ட மரங்களைக் கழற்றி, கரையானோடு அப்படியே எடுத்துச் சென்று தோப்பில் நிழலில் இட்டோம். போகிக்கு எரிக்கவென்று அவற்றை அடுக்கி வைக்கவில்லை. புதிய மரங்களுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினோம். சுவரடியில் நீர் தேங்காதவாறு வாய்க்கால் எடுத்தோம். சுவரை ஒட்டி விறகு அடுக்குவதை நிறுத்தினோம். நம் முன்னோர் மரத்தூணைத் தரையில் நடாமல் கல்லின் மேல் நிறுத்தியதன் காரணமும் இதுவே: மரத்துக்கு மண்ணின் ஈரம் எட்டலாகாது. இத்தனையும் செய்தபோதும் சில கரையான்கள் இறந்திருக்கும். அவை மீண்டும் வரவும் கூடும். மாதம் ஒருமுறை விளக்கை எடுத்துக்கொண்டு சுவரடியையும் கூரையையும் பார்த்து வருகிறோம். நஞ்சை விலக்குவோர் உழைப்பை ஏற்றுக்கொள்ள வேண்டும். அஹிம்சைக்கு நாம் கொடுக்கும் விலை பெரும்பாலும் இத்தகைய சிறு உழைப்பேயாகும்.

கூலியும் சுமையும்

சிற்றுயிர்களைப் பற்றி இவ்வளவு எண்ணும் நாம், மண் சுமக்கும் மனிதரை மறந்துவிடுவதும் உண்டு. அஹிம்சை அணுவிரதத்துக்கு நேரும் குற்றங்கள் ஐந்து எனத் தத்துவார்த்த சூத்திரம் கூறும்: கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மேல் சுமை ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல். இவற்றை மாடு வைத்திருந்தோர்க்குரியன என்றே நெடுங்காலம் படித்துவந்தோம். இறுதி இரண்டும் வீட்டு வேலைக்கு எவ்வளவு பொருந்துகின்றன! வேலை விரைவில் முடிய வேண்டும் என்று சித்தாள் பெண்ணின் தலையில் ஒரு சட்டி கலவையைக் கூட ஏற்றுவது அதிபார ஆரோபணம். பொழுது சாய்வதற்குள் இந்தப் பூச்சை முடித்துவிடுங்கள் என்று உச்சி வேளைச் சாப்பாட்டைத் தள்ளிவைப்பது அன்னபான நிரோதம். வீட்டார் நாம் கதிரவன் மறைவதற்கு முன் உண்ண வேண்டும் என்பதில் கருத்தாக இருக்கிறோம். நம் வீட்டில் வேலை செய்வோர் எப்போது உண்கின்றனர் என்பதிலும் அக்கருத்து இருத்தல் வேண்டும்.

சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வையைக் கெடுக்கும், கையைப் புண்ணாக்கும். கண்ணாடியும் கையுறையும் வாங்கிக் கொடுப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. கூலியை அன்றன்றே கொடுத்தல் கள்ளாமையைச் சேர்ந்தது. பேரம் பேசி ஐம்பது ரூபாய் குறைத்துவிட்டு, அத்தொகையை ஜினாலய உண்டியலில் இடுவதனால் ஒரு நன்மையும் விளையாது.

எங்கே நிறுத்துவது?

வீட்டு வேலைக்குத் தானாக ஒரு முடிவு வருவதில்லை. கூரை மாறினால் சுவர் பழையதாகத் தெரிகிறது. சுவர் பூசினால் தரை பொலிவிழந்து தெரிகிறது. ஆசையின் இயல்பு அது. இதனாலேயே மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்தில் அளவிட வேண்டிய உடைமைகளை எண்ணும்போது, பொன்னையும் தானியத்தையும் கூறுவதற்கு முன்னரே நிலமும் வீடும் வைக்கப்பட்டுள்ளன. அளவை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளுதல் வேண்டும். வேலையின் நடுவே வகுக்க முற்பட்டால் அது ஆசையின் அளவாகவே அமையும். எங்கள் நோட்டில் 'தேவை' முடிந்த இடத்தில் ஒரு கோடு இட்டு, அதன்கீழ் குடும்பத்தார் அனைவரும் கையெழுத்திட்டோம்.

சாவகர்க்குரிய பதினொரு படிகளில் எட்டாவது ஆரம்பத் தியாகம். ஒன்பதாவது பரிக்கிரகத் தியாகம். பத்தாவது அனுமதித் தியாகம். பத்தாம் படியில் நிற்பவர், தம் பிள்ளைகள் வீடு கட்டுவதற்கும் ஒப்புதல் கூறுவதில்லை. வயது முதிர முதிர இல்லத்தின் மீதுள்ள பிடி தளர வேண்டும் என்பது இதன் கருத்து. எழுபதைக் கடந்த நம்மைப் போன்றோர், பேரப்பிள்ளைகள் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதற்காகப் பெரிய வீட்டைக் கட்டத் தொடங்குவது, ஏற வேண்டிய படியிலிருந்து இறங்குவதாகும். அவ்வாறே, பிள்ளைகள் வந்து தங்கவும் இயலாதபடி வீட்டைப் பாழாக விடுவதும் தகாது. அவர்கள் வந்தால்தான் ஊர் ஜினாலயத்தில் விளக்கு எரியும்; திருவிழாவில் வடம் பிடிக்கக் கை இருக்கும். பூட்டிய வீடுகள் மிகுந்த ஊரில் கோயிலும் பூட்டிக் கிடக்கும். ஒழுகாத கூரையும், உலர்ந்த சுவரும், முதியோர் அஞ்சாமல் நடக்கத்தக்க தரையும் உடைய ஒரு சிறு வீடு அதற்குப் போதும்.

ஆகவே, வேலையைத் தொடங்கும் இல்லறத்தார் ஒவ்வொரு கல்லை அகற்றும்போதும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றே: இதனால் துன்புறும் உயிர்க்கு ஈடாக இங்கே யாருடைய தேவை நிறைவேறுகிறது? ஒருவர் பெயரைச் சொல்ல முடிந்தால் அவ்வேலையைச் செய்வோம், விழிப்போடு செய்வோம், மாலையில் நேர்ந்த குறைகளை நினைந்து வருந்துவோம். எவர் பெயரையும் சொல்ல முடியாவிட்டால் அக்கல் அங்கேயே இருக்கட்டும்.